குற்றக் கூண்டு ஏறாத தளபதி

கீழைக் கடல் யுத்தம் – 14

சிங்கப்பூர் வீழ்ந்த கதையைச் சென்ற இதழில் படித்தவர்கள் யமாஷிடாவை மறந்திருக்க மாட்டார்கள். மலாயா என்றால் யமாஷிடா; பிலிப்பைன்ஸ் என்றால் ஹோம்மா; ஜாவா என்றால் இமாமுரா; பர்மா என்றால் ஈதா. 1942-ன் முதல் ஐந்து மாதங்களில் தென்கிழக்காசியாவைப் பிடித்த நான்கு தளபதிகள் இவர்கள். நால்வருக்கும் மேலே, சைகோன் நகரில் அமர்ந்து ஆணையிட்டவர் ஒருவர் உண்டு. யுத்த நூல்களில் அவர் பெயர் அடிக்கடி தட்டுப்படும். ஆனால் ஒரு வரியோடு கடந்துபோகும். அவர்தான் ஜெனரல் கவுண்ட் தெராவுச்சி ஹிசாய்ச்சி.

1941 நவம்பர் 6 அன்று ஜப்பானின் தென்படைக்குத் தலைமைத் தளபதியானவர், 1945-ல் சரணடையும்வரை அதே பதவியில் இருந்தார். இடையில் ஹோம்மா வேலையிழந்து ஊர் திரும்பினார். வெற்றிக் களிப்பு அடங்கும் முன்பே யமாஷிடா மஞ்சூரியாவின் ஒரு மூலைக்கு மாற்றப்பட்டார். பிரதமர் டோஜோவே கவிழ்ந்தார். தெராவுச்சியை மட்டும் யாரும் அசைக்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலும் பர்மாக் காடுகளிலும் தமிழர்கள் பட்ட பாட்டுக்கு மேலே போய்த் தேடினால், ஆணைச் சங்கிலியின் உச்சியில் நிற்பது இவர்தான்.

அவர் பிறந்தது 1879 ஆகஸ்டில். தந்தை தெராவுச்சி மசதாகே சோஷூ பகுதியின் சாமுராய்க் குடும்பத்தவர். 1877 சத்சுமா கலகத்தில் குண்டடிபட்டு வலது கை வழங்காமல் போனது. களத்தில் படை நடத்த முடியாத அந்த மனிதர் நிர்வாகத்தில் ஏறினார். ரஷ்ய–ஜப்பானியப் போரின்போது ராணுவ அமைச்சர்; 1910-ல் கொரியாவை ஜப்பான் விழுங்கியதும் அங்கே முதல் கவர்னர் ஜெனரல்; 1916-ல் பிரதமர். 1918-ல் அரிசி விலை ஏறி நாடெங்கும் மக்கள் கடைகளைச் சூறையாடியபோது ஆட்சியை விட்டு இறங்கினார். மறு ஆண்டு இறந்தார்.

மெய்ஜி அரசு 1884-ல் ஐந்து படிநிலைகளில் ஒரு பிரபு வர்க்கத்தை அமைத்தது. பழைய அரண்மனைக் குடும்பங்களோடும் நிலப்பிரபுக்களோடும், புதிய அரசுக்கு உழைத்த சாமுராய்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. மசதாகே 1911-ல் மூன்றாம் படியான கவுண்ட் பட்டத்தை எட்டினார். 1919-ல் அது மூத்த மகன் ஹிசாய்ச்சிக்கு வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன் சம்பாதித்த பட்டம்தான் அது. ஆனால் ஜப்பானிய ராணுவத்தில் சோஷூக்காரர்களின் செல்வாக்கு பெரிது; அந்தக் குழுவின் மூத்த தலைவர் ஒருவரின் மகன் என்ற அடையாளம் அதைவிடப் பெரிது.

மகன் 1900-ல் ராணுவக் கல்லூரி முடித்து, தந்தை அமைச்சராயிருந்த ரஷ்யப் போரிலேயே களம் கண்டார். 1909-ல் ராணுவ உயர்கல்லூரி. பிறகு ஜெர்மனியில் படிப்பு. கொரியா, மஞ்சூரியா, ஹிரோஷிமா என்று பதவிகள் ஒழுங்காக வந்தன. மின்னல் வேகமும் இல்லை, தடங்கலும் இல்லை. 1932-ல் ஒசாகாவில் 4-ஆம் டிவிஷனின் தளபதி.

அங்கே 1933 ஜூன் 17 அன்று நடந்த ஒரு சின்னத் தகராறு நாட்டையே உலுக்கியது. விடுப்பில் இருந்த ஒரு சிப்பாய் சினிமா பார்க்கப் போகும் வழியில், தென்ரோகு நாற்சந்தியில் சிவப்பு விளக்கை மதியாமல் சாலையைக் கடந்தான். போக்குவரத்துக் காவலர் பிடித்துக் காவல் சாவடிக்கு இழுத்துப்போனார். ராணுவக் காவலன் சொன்னால்தான் கேட்பேன் என்றான் சிப்பாய். கைகலப்பு. இரண்டு பேரையும் அதட்டி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். தெராவுச்சியின் தலைமையகமோ இதைப் பேரரசரின் படைக்கு நேர்ந்த அவமானம் என்று அறிவித்து, போலீஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. ஒசாகா போலீஸ் தலைவர் அவாயா சென்கிச்சி பணியவில்லை. படை பேரரசருடையது என்றால் போலீசும் பேரரசருடையதே என்பது அவர் பக்கத்து வாதம். ஐந்து மாதம் இழுத்து, பேரரசரின் காதுவரை போன பிறகே சமரசம் ஆனது. அதன் பிறகு தெருவில் நடக்கும் ராணுவச் சீருடையைத் தொட எந்தக் காவலருக்கும் தயக்கம் வந்தது. (அவாயா பின்னாளில் ஹிரோஷிமா மேயரானார். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டுக்குப் பலியானார்.)

மூன்று ஆண்டுகள் கழித்து, 1936 பிப்ரவரி 26-ல், இளம் அதிகாரிகள் சுமார் 1,400 வீரர்களுடன் டோக்கியோவின் மையத்தைப் பிடித்தார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி உட்பட மூத்த தலைவர்கள் வீடு புகுந்து கொல்லப்பட்டார்கள். கலகம் நான்கு நாளில் ஒடுங்கியது. மூத்த ஜெனரல்களில் பெரும்பாலோர் பொறுப்பேற்று விலக, எந்தக் கோஷ்டியிலும் ஆழமாகச் சிக்காத தெராவுச்சி ராணுவ அமைச்சரானார்.

கலகக்காரர்களைத் தண்டிப்பதில் அவர் தயங்கவில்லை. ஜூலையில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் கலகம் எதைத் துப்பாக்கியால் கேட்டதோ அதை அமைச்சர் சட்டத்தால் வாங்கிக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். புதிய பிரதமராக ஹிரோடா கோகி அமைச்சரவை அமைத்தபோது, பட்டியலில் தாராளவாதிகள் இருப்பதாகச் சொல்லி ராணுவம் பெயர்களை அடித்தது. வெளியுறவுக்குக் குறிக்கப்பட்டிருந்த யோஷிடா ஷிகேரு அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருவர். போருக்குப் பின் ஜப்பானை மீட்டெடுத்த பிரதமர் அவரேதான். மே மாதம் இன்னொரு மாற்றம் வந்தது. ராணுவ, கடற்படை அமைச்சர்கள் பணியில் இருக்கும் அதிகாரிகளாகவே இருக்க வேண்டும் என்ற பழைய விதி மீண்டும் உயிர்பெற்றது. காகிதத்தில் சிறிய திருத்தம்தான். ஆனால் ராணுவம் ஆள் தர மறுத்தால் இனி எந்தப் பிரதமரும் ஆட்சி அமைக்க முடியாது. அடுத்த ஆண்டே ஆட்சி அமைக்க வந்த ஜெனரல் உகாகி அப்படித்தான் திரும்பிப் போனார். 1940-ல் யோனாய் அரசு அப்படித்தான் கவிழ்ந்தது. போரைத் தடுக்கக்கூடிய கதவுகள் ஒவ்வொன்றாய் மூடியதைப் பற்றிப் பேசும்போது, 1936 மே மாதத்து அந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1937 ஜனவரி 21 அன்று நாடாளுமன்றத்தில் நடந்தது ஜப்பானியர்கள் இன்றும் நினைவுகூரும் மோதல். முன்னாள் சபாநாயகர் ஹமாடா குனிமாட்சு, அரசியலில் ராணுவம் தலையிடுவதைக் கடுமையாகச் சாடினார். தெராவுச்சி எழுந்து, பேச்சில் ராணுவத்தை இழிவுபடுத்தும் சொற்கள் இருப்பதாகக் குற்றம் சாட்டினார். ஹமாடாவுக்கு அறுபது வயது கடந்திருந்தது. அவைக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள், அப்படி ஒரு சொல் இருந்தால் நான் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். அவை கொந்தளித்தது. பிரபுவின் மகன் பதில் தரவில்லை; சபையைக் கலைக்க வேண்டும் என்று ஹிரோடாவை நெருக்கினார். இரண்டே நாளில் ஹிரோடாவின் அரசு வீழ்ந்தது.

அந்த ஜூலையில் சீனப் போர் மூண்டது. ஆகஸ்ட் இறுதியில் தெராவுச்சி வட சீனப் படையின் தலைவராகப் போனார். அவருக்குக் கீழே ஒரு டிவிஷனை நடத்தியவர் இதாகாகி செய்ஷிரோ. இன்னொன்றை நடத்தியவர் தோய்ஹாரா கென்ஜி. இரண்டு பெயர்களும் பின்னால் வரும். பெய்ஜிங்கில் ஒரு பொம்மை அரசு நிறுவப்பட்டது. 1938 வசந்தத்தில் தைஅர்ஜுவாங்கில் ஜப்பானியர் அடிபட்டார்கள். மே மாதம் சுஜோவைப் பிடித்தார்கள். போர் மட்டும் முடியவில்லை. ஆண்டு இறுதியில் அவர் டோக்கியோ திரும்பினார். 1939-ல் நாஜிக் கட்சி மாநாட்டுக்காக ஜெர்மனி போனார். அதற்குள் போலந்துப் போர் தொடங்கி மாநாடு ரத்தானது. ஹிட்லரை மட்டும் சந்தித்தார்.

இனி தெற்கு. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அதே வேளையில் தெராவுச்சியின் படைகள் கோத்தா பாருவில் இறங்கின, பிலிப்பைன்ஸைக் குண்டுவீசின. சைகோனில் இருந்தபடி அவர் செய்த முக்கியமான வேலை, நான்கு படைகளுக்கு இடையே ஆட்களையும் கப்பல்களையும் விமானங்களையும் பங்கிடுவது. அந்தப் பங்கீட்டில் அடிபட்டவர் ஹோம்மா. ஜாவாவை ஒரு மாதம் முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று, 1942 ஜனவரியில் ஹோம்மாவிடமிருந்து 48-ஆம் டிவிஷன் பறிக்கப்பட்டது. மெலிந்த படையோடு பிலிப்பைன்ஸின் பதானில் ஏப்ரல் வரை திணறிய ஹோம்மாமீது பிறகு மந்தமானவர் என்ற பழி விழுந்தது.

எண்ணெய், ரப்பர், வெள்ளீயம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. இவற்றைக் காப்பாற்ற பர்மா வேண்டும். பர்மாவுக்குச் சோறும் தோட்டாவும் போக வேண்டும். ரங்கூனுக்குக் கடல்வழி மலாக்கா நீரிணை, அந்தமான் கடல். மிட்வேயில் விமானந்தாங்கிகளை இழந்த பிறகு அந்த வழியை நம்புவது கடினமாயிற்று. ஆகவே தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு மலையும் காடும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை. பிரிட்டிஷார் முன்பு ஆராய்ந்து, வேண்டாம் என்று கைவிட்ட வழி அது. 1942-ன் நடுவில் வேலை தொடங்கியது. இந்த வேலை தென்படையின் நேரடிப் பொறுப்பு. ரயில்வே ரெஜிமென்ட்டுகள் தெராவுச்சியின் தலைமையகத்துக்கே பதில் சொல்லின.

1943 பிப்ரவரியில் டோக்கியோ அவசரப்பட்டது. ஆண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டியதை ஆகஸ்டுக்குள் முடி என்றது. நான்கு மாதம் குறைப்பு என்றால் என்ன பொருள்? தலைமையகத்தில் அது ஓர் அட்டவணை மாற்றம். பாதை போன குவாய் ஆற்றங்கரையில் அது அடைமழையில் பதினெட்டு மணிநேர வேலை.

போர்க்கைதிகள் 60,000 பேர் போதவில்லை. ஜப்பானியர் மலாயாவின் கித்தாத் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் சேரவில்லை. பிறகு ஒவ்வொரு தோட்டமும் இத்தனை தலை தர வேண்டும் என்று கிராணிகளுக்கும் கங்காணிகளுக்கும் கணக்குக் கொடுத்தார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, வந்தவர்களை லாரியில் ஏற்றிய நிகழ்ச்சிகளைத் தப்பிவந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு, குழந்தைகளும் போனார்கள்.

போர்க்கைதிகளிடம் தங்கள் அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் கட்டுப்பாடு இருந்தது. தோட்டத் தமிழனுக்கு அங்கே எதுவும் இல்லை. 1943 மே மாதம் காலரா வந்தபோது ஆசியத் தொழிலாளர் முகாம்கள் அப்படியே சரிந்தன. மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 பேர், பெரும்பாலோர் தமிழர். பதிவான சாவு மட்டும் 29,000-க்கு மேல். ஓடிப்போனவர்கள் என்று எழுதப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் காட்டிலேயே விழுந்தார்களோ. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் என எல்லா ஆசியத் தொழிலாளரையும் சேர்த்தால் 90,000 பேர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அதற்கு மேலே சொல்பவர்களும் உண்டு. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். மலேசியத் தமிழர் இதைச் சயாம் மரண ரயில் என்கிறார்கள். பெயர் தெரிந்த கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட முழுதாக இல்லை.

வேலை உச்சத்தில் இருந்த அந்த நாட்களில், 1943 ஜூன் மாதம், தெராவுச்சி ஃபீல்ட் மார்ஷல் ஆனார். தந்தையும் எட்டிய பதவி அது.

ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அவரைச் சந்தித்தார். இந்தியாவை ஜப்பானியர் பிடித்துக் கொடுப்பார்கள், இந்திய தேசிய ராணுவம் பிரச்சாரத்துக்கும் உளவுக்கும் துணை நின்றால் போதும் என்பது தெராவுச்சியின் எண்ணம். மலாயாவில் தோற்றுச் சரணடைந்த சிப்பாய்கள் ஜப்பானியப் படையெடுப்பின் வேகத்தைத் தாங்கமாட்டார்கள் என்று அவர் ஐயப்பட்டார். போஸ் கடுமையாக மறுத்தார். ஜப்பானியர் தியாகத்தால் வரும் விடுதலை அடிமைத்தனத்தைவிடக் கேவலம் என்பது அவர் நிலை. முதல் ரத்தம் இந்திய ரத்தமாக இருக்க வேண்டும் என்றார். கடைசியில் ஒரு ரெஜிமென்ட்டை மட்டும் சோதனையாகக் களமிறக்க தெராவுச்சி இசைந்தார்.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. அக்டோபர் 17 அன்று கொன்கோய்தாவில் இரு முனைத் தண்டவாளங்களும் இணைந்தன. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு பிரகடனமானது. அதே தோட்டங்களிலிருந்து சிலர் கொடிபிடித்து ராணுவத்தில் சேர்ந்தார்கள்; சிலர் சிலிப்பர் கட்டை சுமந்து செத்தார்கள். இந்திய தேசிய ராணுவ வீரர்கள் பலர் பர்மாவுக்குப் போனது அந்தப் பாதை வழியாகத்தான்.

இந்திய எல்லையில் இம்பாலைத் தாக்க, பர்மாவில் இருந்த ஜப்பானியத் தளபதி முடகுச்சி துடித்தார். அவருக்கு மேலிருந்த கவாபே தடுக்கவில்லை. கவாபேக்கு மேலிருந்த தெராவுச்சி ஒப்புதல் கொடுத்து டோக்கியோவுக்கு அனுப்பினார். உணவு எப்படிப் போகும் என்ற கேள்விக்கு ஒரு மட்டத்திலும் விடை இல்லை. 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் நிறுத்தியபோது சுமார் 30,000 ஜப்பானியர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும். தெராவுச்சி அதற்குள், மே மாதமே, தலைமையகத்தை மணிலாவுக்கு நகர்த்தியிருந்தார்.

அந்த ஜூலையில் டோஜோ கவிழ்ந்தார். அடுத்த பிரதமர் யார் என்று முன்னாள் பிரதமர்கள் கூடிப் பேசியபோது முதல் தேர்வாக நின்ற பெயர் தெராவுச்சி! களத்தில் நிற்கும் தளபதியை இந்த நேரத்தில் இழுக்கக்கூடாது என்று டோஜோ தடுத்தார். வாய்ப்பு ஜெனரல் கொய்சோவுக்குப் போனது.

அக்டோபரில் மணிலாவுக்கு யமாஷிடா வந்து சேர்ந்தார், மறுபடியும் தெராவுச்சிக்குக் கீழே. லூசோன் தீவில் படையைத் திரட்டி நின்று போராடுவது என்பது திட்டம். 20-ஆம் தேதி அமெரிக்கர்கள் லெய்டே தீவில் இறங்கினார்கள். சில நாள் முன்பு தைவான் அருகே அமெரிக்க விமானந்தாங்கிகளைக் கூட்டமாக மூழ்கடித்ததாக ஜப்பானியக் கடற்படை முரசறைந்திருந்தது, அது பொய்க்கணக்கு. அதை நம்பி டோக்கியோவும் தெராவுச்சியும் திட்டத்தைப் புரட்டினார்கள்: தீர்மானகரமான போர் லெய்டேயில்தான். கப்பல் இல்லை, விமானம் இல்லை, ஆயத்தம் இல்லை என்று யமாஷிடா எதிர்த்தார். ஆணை ஆணைதான் என்றாயிற்று. ஜப்பானியக் கணக்குப்படி அந்தத் தீவுக்குப் போன சுமார் 84,000 பேரில் 79,000 பேர் திரும்பவில்லை. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, நவம்பர் 17 அன்று, தெராவுச்சி தலைமையகத்தோடு சைகோன் போய்விட்டார். தென்படை முழுவதையும் ஆளும் ஒருவர் நடுவில் இருப்பது நியாயம் என்று வாதிடலாம். ஆனால் அந்த ஆணையை இட்டவர், அதன் விளைவை யமாஷிடாவின் தோளில் விட்டுப் போனார் என்பதும் உண்மை.

1945-ல் பர்மா கைநழுவிய நாட்களில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று தலாத் மலைநகரத்துக்கு இந்தோனேசியத் தலைவர்கள் சுகர்ணோ, ஹத்தா, ராஜிமான் மூவரும் வரவழைக்கப்பட்டார்கள். இந்தோனேசியாவுக்குச் சுதந்திரம் தர ஜப்பான் முடிவெடுத்திருப்பதாக நோயாளி மார்ஷல் அறிவித்தார். மூன்று நாளில் ஜப்பானே சரணடைந்தது. வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியப் படைகள் சரணாகதி ஆணைக்குப் பணியுமா என்ற கவலையில், பேரரசர் தம் உறவினரான இளவரசர் கானின் ஹருஹிதோவைச் சைகோனுக்கே அனுப்பினார். தெராவுச்சி பணிந்தார்.

செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூர் நகர மண்டபத்தில் அவர் சார்பாகக் கையெழுத்திட்டவர் இதாகாகி. உண்மையிலேயே நோயா என்று நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் தம் மருத்துவரை அனுப்பிச் சோதித்த பிறகே இதற்கு இணங்கினார். நவம்பர் 30 அன்று சைகோனில் தெராவுச்சி தம் இரு வாள்களை மவுண்ட்பேட்டனிடம் நேரில் ஒப்படைத்தார். அதில் ஒன்று பிரிட்டிஷ் மன்னருக்குப் போய், விண்ட்ஸர் மாளிகையில் இடம்பிடித்தது.

மணிலாவில் அதே வாரங்களில் வேறு காட்சி. தம் படையினர் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்று யமாஷிடாமீது வழக்கு நடந்தது. அவர் நேரில் ஆணையிட்டார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, தளபதி என்பதே பொறுப்பு என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கலைக்கவில்லை. 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கு. ஏப்ரலில் ஹோம்மா சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த அளவுகோலை ஒரு படி மேலே நகர்த்தியிருந்தால் அது யார்மேல் விழுந்திருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் தெராவுச்சி போர்க்கைதியாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜொகூரின் ரெங்கத்தில் 1946 ஜூன் 12 அன்று இறந்தார். விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. சிங்கப்பூரின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரில் நினைவுக்கல் இருக்கிறது.

ரயில்பாதை வேலையின் கடைசித் தலைவர் இஷிடா எய்குமாவுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. டோக்கியோ தீர்ப்பாயத்தின் முடிவுப்படி 1948 டிசம்பர் 23 அன்று சுகாமோ சிறையில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் ஐந்து பேர் தெராவுச்சியோடு பிணைந்தவர்கள்: வட சீனத்திலும் பின்பு சிங்கப்பூரிலும் அவருக்குக் கீழே இருந்த தோய்ஹாரா, அவருக்காகக் கையெழுத்திட்ட இதாகாகி, பர்மாப் படையின் கடைசித் தளபதி கிமுரா, யமாஷிடாவின் தலைமைப் படைப்பணி அதிகாரி மூதோ, ஐந்தாமவர் ஹிரோடா கோகி. ஏழு பேரில் ராணுவத்தவர் அல்லாத ஒரே ஆள் அவர். ராணுவ அமைச்சர்களைப் பற்றிய அந்த விதியை உயிர்ப்பித்தது உங்கள் அரசுதானே என்பது அவர்மீது தீர்ப்பாயம் வைத்த குற்றங்களில் ஒன்று.

(அடுத்த இதழில்: மணிலாவில் யமாஷிடா வழக்கு)